பாதி மறந்த பழைய படம்: யாரைக் கேட்பது, எங்கே தேடுவது?

"ஊட்டியில் எடுத்த படம். ஒரு பெரிய பள்ளிக்கூடம், ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள், கிதார் வாசித்துப் பாடுகிற ஒரு ஆள், அந்த ஆளே கொலைகாரன். படம் பேர் என்ன?"

இப்படி ஒரு கேள்வி வந்தால் இன்றைக்கு எல்லோரும் முதலில் போனைத்தான் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பொங்கல் விழாக்களுக்குச் சினிமா வினாடி வினா தயாரித்துக் கொடுக்கிற வேலையைப் பல வருஷமாகச் செய்துவருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எந்த வழியில் தேடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியது போன் இல்லை, கையில் இருக்கும் ஞாபகத் துண்டு. மனசில் நிற்பது ஒரு பாட்டா, ஒரு முகமா, ஒரு இடமா, இல்லை கதையா என்பதைப் பொறுத்து வழி மாறும். பாட்டு இருந்தால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை, வெறும் கதையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் ஒரு வாரம் இழுக்கும்.

தேடுவதற்கு முன்னால் ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதிகம் வழி தவறுவது இங்கேதான். "நான் நாலாவது படிக்கும்போது பார்த்தேன், அப்போ 1978, அதனால் 78இல் வந்த படம்" என்று கணக்குப் போடுவார்கள். மலைக்குப் படப்பெட்டி ஏறி வருவதற்குள் கீழே கோயம்புத்தூரில் ஓடி முடிந்திருக்கும், அதற்கப்புறமும் பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களை வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஆக, பார்த்த வருஷத்தை வைத்து ஒன்றுதான் உறுதியாகச் சொல்லலாம், படம் அதற்குப் பிறகு வந்தது இல்லை. அதற்கு முன்னால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பின்னே போகலாம்.

கறுப்பு வெள்ளை விஷயமும் அப்படித்தான். தூர்தர்ஷன் கலருக்கு மாறியது 1982இல், அதற்கப்புறமும் ரொம்ப வருஷத்துக்குப் பல வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். 1966இல் கலரில் வந்த "அன்பே வா"வை அந்தப் பெட்டியில் பார்த்தவர் அதைக் கறுப்பு வெள்ளைப் படமாகவே ஞாபகம் வைத்திருப்பார், அடித்தும் சொல்வார். இன்னொன்று, "முடிவு ஞாபகம் இல்லை" என்று ஒருவர் சொன்னால் மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்டோபர், நவம்பர் மழையில் கோத்தகிரிப் பக்கம் கம்பி மேல் மரம் விழுந்தால் அன்றைக்குக் கரண்டு வராது, ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் இரண்டாம் பாதியை அவர் பார்க்கவே இல்லை என்றும் இருக்கலாம். அப்படிப்பட்டவரிடம் கிளைமாக்ஸைத் துருவித் துருவிக் கேட்டால் வேறு படத்தின் முடிவைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவார்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

1970க்கு முந்தைய படம் என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் போவது ஆட்களிடம்தான், அதிலும் எங்கள் மலையில் இதற்கென்றே பிறந்தவர்கள் போல ஒரு கூட்டம் இருக்கிறது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்து டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள். அவர்கள் காதில் இலங்கை வானொலி ஊறிக் கிடக்கிறது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாட்டு தனியாக வராது, படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைப்பாளர் என்று முழு வரிசையாகத்தான் வரும், ஏனென்றால் அறிவிப்பாளர்கள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார்கள்.

ஒரு தடவை ஒரு அக்கா, நாதஸ்வரம் வாசிக்கிற நாயகன், கூடவே பாடுகிற நாயகி, ஒரு கோயில், இவ்வளவுதான் ஞாபகம் என்று வந்தார். கேட்ட எல்லோரும் "தில்லானா மோகனாம்பாள்" என்றார்கள். அந்த அக்காவோ இல்லை இல்லை, அதில் பத்மினி ஆடுவார், இதில் அந்த அம்மா பாடுவார் என்று விடாப்பிடியாக நின்றார். கோத்தகிரிப் பக்கம் பேரன் வீட்டில் இருக்கிற ஒரு தாத்தாவிடம் கூட்டிப்போனோம். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வானொலி அறிவிப்பாளர் மாதிரியே குரலை ஏற்றி இறக்கி, "படம் கொஞ்சும் சலங்கை, பாடியவர் எஸ். ஜானகி, நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம், இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு" என்று ஒரே மூச்சில் சொன்னார். அப்புறம்தான் "சிங்கார வேலனே தேவா" என்று முதல் வரியைப் பாடிக் காட்டினார். 1962 படம். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் என்று சொன்னதும் அந்த அக்கா முகம் போன போக்கை எழுத்தில் கொண்டுவர முடியாது. எந்தத் தேடுபொறியும் இந்த வேகத்தில் சொல்லாது.

ஆனால் ஆட்களைக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நீங்களாக ஒரு படத்தின் பெயரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. "அது பாசமலரா தாத்தா?" என்று கேட்டால், உங்கள் மனசு நோகக் கூடாது என்றாவது "ஆமாப்பா, அதுதான்" என்பார். பெயரைக் கேட்காமல் சுற்றி இருப்பதைக் கேளுங்கள். எந்தத் தியேட்டர், கூட யார் வந்தார்கள், படத்தில் சிரிப்பு நடிகர் யார், எந்தப் பாட்டுக்கு விசில் பறந்தது. சிரிப்பு நடிகர் யார் என்ற கேள்வி நல்ல கேள்வி. காளி என். ரத்தினமா, தங்கவேலுவா, நாகேஷா என்று தெரிந்தாலே எந்தக் காலத்துப் படம் என்று பாதி தெரிந்துவிடும். நாயகன் ஞாபகம் இன்னொருவரோடு குழம்பும், நாகேஷ் யாரோடும் குழம்ப மாட்டார்.

ஆட்கள் வழியின் குறை என்னவென்றால், வயது. கேட்கத் தகுந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் வீட்டில் எண்பது வயது ஆள் இருந்தால் தேடுபொறியை ஒத்திப்போடுங்கள், அது அடுத்த வருஷமும் இருக்கும்.

பாட்டின் மெட்டு மட்டும் மனசில் ஓடுகிறது, ஒரு சொல்லும் வரவில்லை என்றால் அதற்கு முணுமுணுத்துத் தேடும் வசதிதான் சரி. கூகுளில் 2020இலிருந்து இருக்கிறது, பத்துப் பதினைந்து விநாடி வாயால் இசைத்தாலோ விசிலடித்தாலோ போதும். 70களுக்குப் பிந்தைய பாட்டுகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பழைய பாட்டுகளில், அதிலும் நீண்ட ஆலாபனையோடு வரும் 40களின் பாட்டுகளில், தடுமாறுகிறது. பல்லவியை விட்டுவிட்டுச் சரணத்தையோ இடையில் வரும் வயலினையோ முணுமுணுத்தும் பாருங்கள், சில சமயம் அதுதான் பிடிக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மெட்டு கிடைத்தால் படம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இளையராஜாவின் ஒரே மெட்டு 1982இல் மலையாள "ஓளங்கள்" படத்தில் "தும்பி வா" என்று வந்தது, தமிழில் "ஆட்டோ ராஜா"வில் "சங்கத்தில் பாடாத கவிதை" என்று வந்தது, இந்தியில் 1983இல் "சத்மா"வில் "ஏ ஜிந்தகி கலே லகா லே" என்று வந்தது. முணுமுணுத்தால் மூன்றில் எது வேண்டுமானாலும் முதலில் வரும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம், அங்கே மலையாளப் படத்தையும் தமிழ்ப் படத்தையும் சேர்த்தே பார்த்து வளர்ந்திருப்பார்கள், எந்தப் படம் எந்த மொழியில் என்பது ஞாபகத்தில் தனித்தனியாக நிற்காது. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேசிய ஒளிபரப்பில் வந்த மாநில மொழிப் படங்கள் வேறு. ஆகவே மெட்டு கிடைத்ததும் அடுத்த கேள்வி, படத்தில் பேசியது புரிந்ததா, இல்லை கீழே எழுத்து ஓடியதா?

பாட்டின் சொற்கள் ஞாபகம் இருந்தால் சாதாரணத் தேடலே போதும் என்று தோன்றும். போதும்தான், ஆனால் முதல் இரண்டு சொல்லோடு நிறுத்திவிடக் கூடாது. தமிழில் புதுப் படங்களுக்குப் பழைய பாட்டு வரிகளையே பெயராக வைக்கிற பழக்கம் இருக்கிறது. "மன்மத லீலை" என்று மட்டும் அடித்துப் பாருங்கள், 2022 படமும் பாலசந்தரின் 1976 படமும் வந்து நிற்கும். நீங்கள் தேடுவதோ 1944 "ஹரிதாஸ்" படத்தில் தியாகராஜ பாகவதர் பாடிய "மன்மத லீலையை வென்றார் உண்டோ". "யாரடி நீ மோகினி" என்று தேடினால் முதலில் வருவது தனுஷ் நடித்த 2008 படம், 1958 "உத்தமபுத்திரன்" பாட்டு அதற்கு அடியில் கிடக்கும். கொடைக்கானல் குகைப் படத்தைத் தேடி "கண்மணி அன்போடு" என்று போட்டால் இப்போது 2024 மலையாளப் படமான "மஞ்ஞும்மல் பாய்ஸ்" பற்றிய செய்திகளாகக் கொட்டுகிறது, பாட்டு பிறந்த 1991 "குணா"வைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தேடுபொறி நிறையப் பேர் கேட்பதை மேலே தள்ளும், பழசு அடியில் போகும். இதற்கு மருந்து சுலபம். முதல் வரியை விட்டுவிட்டுச் சரணத்தின் நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்து அடியுங்கள், அந்த வரியை யாரும் படத்துக்குப் பெயராக வைத்திருக்க மாட்டார்கள். தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து ஒரு தடவை, இரண்டும் செய்யுங்கள். பழைய பாட்டுகளை வலையேற்றியவர்கள் பலர் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், அதிலும் ழகரத்தை ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள்.

இப்போது இடம். மலையில் இருக்கிற நமக்கு இதுதான் பெரிய பலம் என்று நினைப்போம். "அந்த வளைவு எனக்குத் தெரியும், அது லவ்டேல் ரோடு" என்று படம் பார்க்கும்போதே கத்துகிற ஆட்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். வெளியூர்க்காரருக்குக் கிடைக்காத துப்பு நமக்குக் கிடைக்கிறது, உண்மைதான். இருந்தாலும் எல்லாத் துப்புகளிலும் நான் கடைசியாக நம்புவது இடத்தைத்தான்.

காரணம், எங்கள் மலை தன் சொந்தப் பெயரில் மட்டும் நடிப்பதில்லை. "ரோஜா"வில் காஷ்மீர் என்று காட்டியதில் குன்னூரும் ஊட்டியும் இருக்கின்றன, காஷ்மீரில் எடுக்க முடியாத நிலைமை என்பதால் இங்கேயும் மணாலியிலும் எடுத்தார்கள். அதைப் பார்த்த ஒருவர் "காஷ்மீரில் நடக்கிற படம்" என்று சொல்வார், இங்கே ஷூட்டிங் பார்த்தவர் "குன்னூரில் எடுத்த படம்" என்று சொல்வார், இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் சண்டையே வந்துவிடும். காஷ்மீரையே எடுத்த படமும் இருக்கிறது, ஸ்ரீதரின் "தேன் நிலவு", 1961, அதைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தவர்கள் சிலர் ஊட்டி ஏரி என்று சாதிப்பார்கள்.

கேத்தி ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மழை, ரயில், அடையாளம் தெரியாமல் போகிற பெண், பிளாட்பாரத்தில் குரங்கு மாதிரி ஆடிக்காட்டுகிற நாயகன். கேத்தியில் நின்று யாரைக் கேட்டாலும் "மூன்றாம் பிறை" என்பார்கள், 1982. ஆனால் அதே கதையை அதே பாலு மகேந்திரா, அதே கமல், அதே ஸ்ரீதேவியை வைத்து 1983இல் இந்தியில் "சத்மா" என்று எடுத்தார். பட்டாளத்தில் வடக்கே இருந்தவர்கள் பார்த்தது இரண்டாவதாக இருக்கலாம். வெலிங்டன் பக்கம் ராணுவக் குடும்பங்கள் நிறைய, ஆகவே இங்கே இது நிஜமாகவே எழுகிற கேள்வி. முகம், இடம், காட்சி எதுவும் தீர்த்துவைக்காது. பாட்டைக் கேட்டால்தான் தீரும், "கண்ணே கலைமானே" ஞாபகம் இருந்தால் தமிழ், அவ்வளவுதான்.

"இதயத்தைத் திருடாதே" இன்னும் தந்திரமானது. ஊட்டிப் பனியிலேயே முழுக்கத் தோய்ந்த படம், தமிழர்கள் பாட்டை மனப்பாடமாகச் சொல்வார்கள், மணிரத்னம் படம் வேறு. ஆனால் அது 1989இல் தெலுங்கில் "கீதாஞ்சலி" என்று எடுத்து, தமிழுக்கு டப் செய்த படம். மணிரத்னம் தமிழில் இயக்கிய படங்கள் என்ற பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு தேடினால் அது நேரடித் தமிழ்ப் படங்களோடு இருக்காது. மலை ரயில் கூரை மேல் ஆடுகிற பாட்டும் அந்த ரகம்தான், இந்தியில் "தில் சே", தமிழில் "உயிரே", 1998. பட்டியலில் ஒரு படம் இல்லை என்றால் உடனே ஞாபகத்தைச் சந்தேகப்படாமல் டப்பிங்கா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வாயசைவு சொல்லுக்கு ஒட்டாமல் இருந்ததா என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும், ஆச்சரியமாக.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடம், ஸ்வெட்டர், கிதார், கொலை. இந்தக் கேள்வியை அப்படியே ஒரு சாட்பாட்டிடம் கொடுத்தேன். தயங்காமல் ஒரு படத்தின் பெயரைச் சொன்னது, அந்தப் படத்தில் இல்லாத நாயகனைச் சேர்த்தது, கேள்வியில் இருந்த நான்கு விஷயத்தையும் கோர்த்து அழகாக ஒரு கதைச்சுருக்கமும் எழுதித் தந்தது. படித்தால் யாருக்கும் சந்தேகமே வராது. அப்படி ஒரு படம் இல்லை என்பதுதான் விஷயம், ஏனென்றால் கேள்வியில் இருப்பது ஒரு படம் இல்லை, இரண்டு. கிதாரும் கொலையும் 1980 "மூடுபனி", அதில் பிரதாப் போத்தன் "என் இனிய பொன் நிலாவே" என்று கிதாரோடு ஷோபாவுக்குப் பாடுவார், ஜேசுதாஸ் குரல், இளையராஜாவுக்கு நூறாவது படம். பள்ளிப் பிள்ளைகள் 1981 "பன்னீர் புஷ்பங்கள்", அதிலும் பிரதாப் போத்தன் உண்டு, ஆசிரியராக, அதற்கும் இசை இளையராஜா, அதுவும் ஊட்டி. அடுத்தடுத்த வருஷம், ஒரே முகம், ஒரே பனி, ஒரே இசை. பத்து வயதில் இரண்டையும் பார்த்த பிள்ளைக்கு அவை ஒன்றாகிப் போவதில் என்ன வியப்பு?

இந்த இடத்தில்தான் மனிதரைக் கேட்பதற்கும் இயந்திரத்தைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். குன்னூரில் என் நண்பரிடம் இதே கேள்வியைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "அந்தப் பசங்க இருக்கும்போதா அவன் கொலை பண்றான்?" என்றுதான். கேள்வி கேட்டவர் யோசித்தார், "இல்ல, பசங்க வர்ற இடம் வேற..." என்று இழுத்தார், அங்கேயே முடிச்சு அவிழ்ந்தது. சாட்பாட் கேட்டதை எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டு பதில் தைக்கிறது, மனிதர் கேள்வியையே சந்தேகப்படுகிறார். அதனால் சாட்பாட்டை விட்டே விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். "ஒரே பதில் வேண்டாம், இருக்கக்கூடிய படங்களாக ஐந்தாறு சொல், ஒவ்வொன்றிலும் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று சொல்" என்று கேளுங்கள், துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள், வருகிற பெயர்களை வேறு இடத்தில் சரிபாருங்கள். ஊட்டி அசெம்பிளி ரூம்ஸில் சின்ன வயதில் பார்த்த ஆங்கிலப் படம் என்றால் தைரியமாக அதனிடமே போகலாம், ஆங்கிலப் படங்களுக்கு அதன் கை நன்றாக ஓடுகிறது. 60க்கு முந்தைய தமிழ்ப் படம் என்றால் பக்கமே போகாதீர்கள்.

சரிபார்ப்பது எங்கே? ஆண்டுவாரித் தமிழ்ப் படப் பட்டியல்கள் விக்கிப்பீடியாவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, முகம் தெரிந்தால் அந்த நடிகரின் படப்பட்டியலை எடுத்து, பார்த்த வருஷத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஏமாற்றாது. முகம் மட்டும்தான் துப்பு என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. அப்புறம் படம் யூடியூபில் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, ஞாபகத்தில் இருக்கிற அந்த ஒரு காட்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

வினாடி வினாவுக்குக் கேள்வி எடுப்பவர்கள் அதோடு நிற்காமல் அச்சுக்கும் போக வேண்டும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் "சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு" 2004இல் வந்தது, படங்களின் விவரங்களை ஆண்டுவாரியாகத் தொகுத்த புத்தகம், ஆயுள் முழுக்கச் சேர்த்தவர் 2016இல் காலமானார். இணையத்தில் ஒருவர் எழுதிய தப்பை நூறு பேர் எடுத்துப் போட்டிருப்பார்கள், நூறு இடத்தில் இருக்கிறது என்பதால் அது உண்மை ஆகாது, ஒரே தப்பின் நூறு நகல், அவ்வளவுதான். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தால் அது உடனே தெரிந்துவிடும்.

புத்தகத்தைவிடவும் எனக்குப் பிடித்தது பாட்டுப் புத்தகம். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்றது. நடிகர் பெயர், எல்லாப் பாட்டும், முன்னால் கதைச் சுருக்கம் என்று அத்தனையும் இருக்கும், கதையை மட்டும் நல்ல இடத்தில் நிறுத்தி "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுவார்கள். படம் ஓடிய நாளில் அச்சானது என்பதால் இதைவிட நேரடியான சான்று வேறு கிடைக்காது. எங்கள் பக்கம் பழைய வீடுகளில் பரண் மேல் டிரங்குப் பெட்டியில் இன்னும் கிடக்கின்றன, ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிப்போய், பிரித்தால் கிழிகிற நிலையில். தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்தவற்றைக் கொண்டு 1994இல் தொடங்கியது, இந்த மாதிரிச் சின்ன அச்சுகளையும் பொக்கிஷமாகப் பாதுகாக்கிறார்கள். சென்னை போகிறவர்கள் ஒரு நாளை அதற்கு ஒதுக்கலாம்.

பாட்டுப் புத்தகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பல படங்களுக்கு இன்றைக்கு மிச்சம் அது ஒன்றுதான். ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஓடிய காலத்தில் அங்கே வேலை பார்த்த ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னார். 1950 வரை படங்கள் ஓடியது நைட்ரேட் பிலிமில், சட்டென்று தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பது கஷ்டம். அதற்கப்புறம் வந்த அசிடேட் அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காது, ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் வைத்தால் காடி வாடை அடிக்க ஆரம்பிக்கும், சுருங்கி வளையும், அந்த வாடை வந்துவிட்டால் பக்கத்துப் பெட்டியையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்றார். கறுப்பு வெள்ளைப் பிலிமில் இருக்கிற வெள்ளிக்காகப் பிரதிகளைக் கழுவி விற்றதும் நடந்தது. தமிழ் பேசிய முதல் படம் "காளிதாஸ்", 1931 அக்டோபர் 31இல் வெளியானது, அதற்கே இன்றைக்குப் பிரதி இல்லை. ஆகவே யூடியூபில் இல்லை என்பதால் ஒரு பாட்டி சொல்கிற படம் பொய் ஆகிவிடாது.

கடைசியாக வினாடி வினா நடத்துகிறவர்களுக்கு. சண்டை வருவது பதிலால் இல்லை, கேள்வியை எழுதுகிற விதத்தால். "முதல்" என்ற சொல் வருகிற எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை படியுங்கள். "முதல் தமிழ்ப் படம் எது?" என்று கேட்டால் "கீசக வதம்" என்று ஒரு அணியும் "காளிதாஸ்" என்று இன்னொரு அணியும் சொல்லும், இரண்டும் சரி, ஒன்று மௌனப் படம், இன்னொன்று பேசும் படம். அந்தக் காளிதாஸிலேயே டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச நாயகன் தெலுங்கில் பேசினார், எனவே "முழுக்கத் தமிழ்" என்ற சொல்லைக் கேள்வியில் சேர்த்தால் அதுவும் ஆடிவிடும். "முதல் கலர் படம்" என்று கேட்காமல் "முதல் முழுநீளக் கலர் படம்" என்று கேளுங்கள், பதில் 1956 "அலிபாபாவும் 40 திருடர்களும்", ஏனென்றால் அதற்கு முன்பே சில படங்களில் சில காட்சிகள் மட்டும் கலரில் வந்துவிட்டன. "உத்தமபுத்திரன் நாயகன் யார்?" என்று கேட்டால் பி.யு. சின்னப்பா என்பவருக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும், சிவாஜி என்பவருக்கும் கொடுக்க வேண்டும், தனுஷ் என்பவருக்கும் கொடுக்க வேண்டும், 1940, 1958, 2010 என்று மூன்று படம் இருக்கிறது. கேள்விக்குள் ஆண்டை எழுதிவிட்டால் தீர்ந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973 "ராஜராஜ சோழன்", முதல் 70 எம்.எம். படம் என்றால் 1986 "மாவீரன்", பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் 1954 "அந்த நாள்", இவை மூன்றும் தகராறு இல்லாமல் நிற்கிற கேள்விகள், எடுத்துக்கொள்ளுங்கள்.

"யார் பாடியது?" என்று கேட்கும்போது குரலா, திரையில் வாயசைத்தவரா என்று எழுதிவிடுங்கள், பெரியவர்கள் "அது எம்.ஜி.ஆர். பாட்டு" என்றுதான் சொல்வார்கள், டி.எம்.எஸ். என்று சொல்லவில்லை என்பதற்காக அவர்களுக்கு மதிப்பெண் குறைப்பது நியாயம் இல்லை. நடுவர் மேஜையில் போன் ஒன்று, புத்தகம் ஒன்று, எழுபது தாண்டிய ஆள் ஒருவர், இந்த மூன்றும் இருக்கட்டும். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் பதிலை அறிவியுங்கள், ஒத்துப்போகாவிட்டால் கேள்வியை ரத்து செய்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.